பாட்டியின் சேலையும் கால் அங்குலக் கணக்கும்: வீட்டிலேயே ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது எப்படி?

தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து தாமானுக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய பெட்டி இன்னும் இருக்கும். பாட்டி கட்டிய வாயில் சேலை, தாத்தாவின் கட்டம் போட்ட கைலி, பால்வெட்டப் போகும்போது அம்மா அணிந்த முழுக்கைச் சட்டை ஆகியவை அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை இனி யாரும் உடுத்தப் போவதில்லை. ஆனால், தூக்கி எறியவும் மனம் வருவதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பெட்டி திறக்கப்படும். சற்று நேரம் பார்த்துவிட்டு மூடப்படும். சில ஆண்டுகளில் பூச்சியும் ஈரமும் அத்துணிகளின் கதையை முடித்துவிடும்.

இத்துணிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, சேர்த்துத் தைத்து, போர்வையாகவோ தலையணை உறையாகவோ மாற்றும் தையல்கலை உலகின் பல பகுதிகளில் உண்டு. பல துண்டுகளை மூட்டி உருவாக்கும் ஒரு சதுரம் 'பிளாக்' எனப்படும். ஒரே அளவில் பல பிளாக்குகளைத் தைத்து, அவற்றை வரிசையாக இணைத்தால் போர்வையின் மேல்பகுதி தயாராகிவிடும். இதற்குப் பெரிய இயந்திரமோ தொழிற்பயிற்சியோ தேவையில்லை. கத்தரிக்கோல், அளவுகோல், ஊசி நூல், இஸ்திரிப் பெட்டி ஆகியவையே போதும். தையல் இயந்திரம் இருந்தால் வேலை விரைவாகும்.

எந்தத் துணி எங்கே வர வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. ஆனால், வெட்டும் அளவும் தையலுக்கு விடும் அளவும் மாறவே கூடாது. புதுத் துணி தவறினால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் சேலை ஒன்றுதான் இருக்கிறது.

1942: ஒரே ஆண்டு, இரண்டு இடங்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டம் அமைத்த ஜோசப் ஜீ என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அத்தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்களே அங்கு வாழ்கின்றன. தோட்ட முதலாளி ஒருவரின் குடும்பப் பெயரான பெட்வே என்பதையே அவர்களில் பலர் இன்றும் சுமந்து வருகின்றனர். வறுமை மிகுந்த அவ்வூரின் பெண்கள், தேய்ந்துபோன வேலை உடைகளைக் கிழித்துத்தான் குளிருக்குப் போர்வை தைத்தனர்.

மிசூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் மறைந்தபோது, அவர் வயலில் உடுத்திய உடைகளைக் கொண்டே மிசூரி ஒரு போர்வையைத் தைத்தார். அது 1942ஆம் ஆண்டு. கணவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அவரது அன்பின் கதகதப்பில் உறங்கவுமே தாயார் அதைத் தைத்ததாக அவருடைய மகள் பின்னாளில் கூறினார். ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது.

அதே 1942ஆம் ஆண்டில், ஜப்பானியரிடம் வீழ்ந்த சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே காலகட்டம் அது. சிறையிலிருந்த சுமார் 20 சிறுமிகள், கிடைத்த ஒட்டுத்துணிகளை அறுகோணங்களாக வெட்டி ஒரு போர்வை தைத்தனர். தங்கள் சாரணியர் குழுவை நடத்திவந்த எலிசபெத் என்னிஸுக்கு அதைப் பிறந்தநாள் பரிசாக அளித்தனர். அப்போர்வை இப்போது லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பின்னர் எத்தெல் மல்வானி என்ற கனடியப் பெண்மணியின் முயற்சியால் சிறையிலிருந்த பெண்களும் போர்வைகளை உருவாக்கினர். ஒவ்வொருவரும் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்றில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்து, பெயரையும் சேர்த்தனர். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். அவை வேறு முகாம்களிலிருந்த ஆண்களுக்கு, தங்கள் மனைவியர் உயிரோடு இருக்கின்றனர் என்ற செய்தியையும் சுமந்து சென்றன.

எந்தத் துணி பயன்படும்?

பருத்தித் துணியே தைக்க எளிது. பருத்திச் சேலை, கைலி, பத்தேக், பள்ளிச் சீருடைச் சட்டை ஆகியவை நன்கு மடியும், இஸ்திரிக்கும் படியும். நைலக்ஸ், ஜார்ஜெட் போன்றவை வழுக்கும், சூட்டில் சுருங்கும். அவற்றைத் தவிர்க்க முடியாவிட்டால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய லைனிங் துணியைப் பின்பக்கம் ஒட்டியபின் வெட்டலாம். அதற்கு முன் ஓரத்தில் ஒரு சிறு துண்டில் சூட்டைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். சரிகை உள்ள பட்டுச் சேலைக்கு மிதமான சூடும், மேலே ஒரு வெள்ளைத் துணியும் தேவை.

பழைய துணியை முதலில் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இழை நைந்த இடங்கள் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். கைலியில் உட்காரும் பகுதியும், சேலையில் தரையில் உரசும் கீழ்க்கரையும் பெரும்பாலும் நைந்திருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களைப் பயன்படுத்தலாம். முழுத் துணியும் மெலிந்திருந்தால் லைனிங் ஒட்டாமல் வெட்டக் கூடாது.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணிகளையும் துவைத்து உலர்த்துவது முக்கியம். சிவப்பு, கருநீலத் துணிகள் சாயம் விடுகின்றனவா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் விட்டால் அது நிற்கும்வரை தனியே அலச வேண்டும். இல்லாவிட்டால் போர்வை முடிந்து முதல்முறை துவைக்கும்போது பக்கத்துச் சதுரங்களும் கறைபடும்.

பால்வெட்டுச் சட்டைகளில் ரப்பர் பால் கறை காய்ந்திருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. நேரடியாகச் சூடு பட்டால் இளகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும். அந்தக் கறையே நினைவாக இருக்கட்டும் என்று விரும்புவோர், கறையுள்ள பகுதி சதுரத்தின் நடுவில் வருமாறு வெட்டி, மேலே வேறு துணியை வைத்து இஸ்திரி போடலாம்.

மறைந்தவரின் துணியை வெட்டலாமா என்ற தயக்கம் சில வீடுகளில் எழுவது இயல்பு. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது. சேலையின் முந்தானையை முழுதாக வைத்துக்கொண்டு, உடல் பகுதியிலிருந்து மட்டும் சதுரங்களை எடுக்கலாம். நான்கு பிளாக்குகளுக்கு ஒரு முழுச் சேலை தேவைப்படாது.

முதலில் தாளில் வரையுங்கள்

பிள்ளைகளின் கணிதக் கட்டப் புத்தகமே வடிவமைப்புக்கு ஏற்ற தாள். ஒரு கட்டத்தை ஓர் அங்குலமாகக் கொண்டு பிளாக்கை வரைந்து, வண்ணப் பென்சிலால் நிரப்பலாம். ஒரே பிளாக்கை நான்கு முறை அடுத்தடுத்து வரைந்து பார்த்தால், அவை சேரும்போது தோன்றும் புதிய வடிவமும் தெரியவரும்.

வண்ணத்தைவிட வெளிர், அடர் என்ற வேறுபாடே வடிவத்தைக் காட்டுகிறது. சிவப்பும் பச்சையும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் கலந்துவிடும். துணிகளை அடுக்கி, கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் எது வெளிர், எது அடர் என்பது உடனே விளங்கும்.

கால் அங்குலத்தில்தான் எல்லாம்

ஒட்டுத்துணித் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விடுவது வழக்கம். ஆகவே, தைத்து முடித்தபின் 3 அங்குலமாகத் தெரிய வேண்டிய சதுரத்தை 3½ அங்குலமாக வெட்ட வேண்டும். எந்தச் சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் இதே கணக்குதான்: முடிந்த அளவுடன் நீளத்தில் அரை அங்குலம், அகலத்தில் அரை அங்குலம் சேர்க்க வேண்டும்.

சிறு பிசகு எப்படிப் பெரிதாகும் என்பதைப் பார்க்கலாம். 21 சதுரங்கள் உள்ள ஒரு வரிசையில் 20 தையல்கள் வரும். ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனால், இருபக்கத் துணியிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு குறையும். வரிசை முடியும்போது 2½ அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தாது.

இதைத் தவிர்க்க ஒரு சோதனை உண்டு. வேண்டாத துணியில் 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் மூட்டி, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் மொத்தம் 3½ அங்குலமும் இருந்தால் தையல் சரி. குறைந்தால் தையல் அதிகமாக உள்ளே போகிறது. கூடினால் ஓரத்தை ஒட்டிப் போகிறது. சரியான அளவு கிடைத்ததும், ஊசியிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் இயந்திரத்தின் தட்டில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால், துணியின் ஓரம் அதை உரசிச் செல்லுமாறு தைக்கலாம். பழைய கால்மிதி இயந்திரத்துக்கும் இது பொருந்தும். கையால் தைப்பவர்கள் துணியின் பின்பக்கம் பென்சிலால் கால் அங்குலக் கோடு போட்டு, நெருக்கமான ஓட்டுத்தையலும் இடையிடையே ஒரு பின்தையலும் போடலாம்.

வெட்டும்போது இழையோட்டத்தையும் கவனிக்க வேண்டும். பாவும் ஊடையும் சதுரத்தின் ஓரங்களுக்கு நேராக இருக்க வேண்டும். குறுக்குக் கோணத்தில் வெட்டினால் துணி இழுபடும். கட்டம் போட்ட கைலியில் நெய்யப்பட்ட கோடுகளே அளவுகோலாக உதவும். அதனால் புதிதாகத் தொடங்குவோருக்குக் கைலி மிகவும் ஏற்ற துணி.

ஒன்பது சதுர பிளாக்

இதுவே எளிய பிளாக். 3½ அங்குலத்தில் ஐந்து அடர் சதுரங்களும் நான்கு வெளிர் சதுரங்களும் வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் வரிசை அடர், வெளிர், அடர். இரண்டாம் வரிசை வெளிர், அடர், வெளிர். மூன்றாம் வரிசை முதல் வரிசையைப் போன்றது.

ஒவ்வொரு வரிசையாக மூட்டியபின், தையல் ஓரங்களை அடர் துணியின் பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். இப்படிச் செய்தால் அடுத்தடுத்த வரிசைகளின் ஓரங்கள் எதிரெதிர்த் திசையில் மடிந்திருக்கும். வரிசைகளை மூட்டும்போது அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, நான்கு மூலைகளும் சரியாகச் சந்திக்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி அழுத்துவது நல்லது. இழுத்தால் சதுரம் கோணலாகிவிடும். முடிந்த பிளாக் ஓரங்களோடு 9½ அங்குலம் இருக்கும். போர்வையில் சேர்ந்தபின் 9 அங்குலமாகத் தெரியும்.

நான்கு மூலைகளிலும் முக்கோணம் வேண்டுமானால், 4 அங்குலத்தில் இரண்டு வெளிர், இரண்டு அடர் சதுரங்கள் தேவை. வெளிரையும் அடரையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை கோடு போட வேண்டும். கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மீது வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். விரித்து இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றையும் 3½ அங்குலமாகச் சீராக்கிக்கொள்ளலாம்.

நடுவிலிருந்து வளரும் பிளாக்

ஒரு சிறு சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போவது மற்றொரு வகை. அமெரிக்காவில் இதை 'லாக் கேபின்', அதாவது மரக்குடில் என்பர். ஜீஸ் பெண்டில் இதன் ஒரு வடிவம் 'ஹவுஸ்டாப்', அதாவது வீட்டுக்கூரை என்ற பெயர் பெற்றது. ஒரு முழுச் சதுரத்துக்குப் போதாத, குறுகலான துண்டுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் துணிகளுக்கு இது பொருந்தும்.

நடுச் சதுரம் 2½ அங்குலம். பட்டைகளின் அகலம் 2 அங்குலம். முதல் சுற்றுக்கான நான்கு பட்டைகளின் நீளம் முறையே 2½, 4, 4, 5½ அங்குலம். இரண்டாம் சுற்றுக்கு 5½, 7, 7, 8½ அங்குலம். ஒவ்வொரு பட்டையையும் மூட்டியவுடன் இஸ்திரி போட்டு, பிளாக்கைக் கால்வட்டம் திருப்பி அடுத்த பட்டையை வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பட்டைகள் வெளிராகவும் அடுத்த இரண்டு அடராகவும் இருந்தால், பிளாக் மூலைவாட்டில் பாதி வெளிச்சமாகவும் பாதி நிழலாகவும் தோன்றும். இரண்டு சுற்று முடிந்ததும் பிளாக் 8½ அங்குலம் இருக்கும். போர்வையில் 8 அங்குலமாகும்.

பாட்டியின் சேலையை நடுச் சதுரமாக வைத்து, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் துணிகளைச் சுற்றிலும் வரிசைப்படுத்தினால், குடும்பம் வளர்ந்த முறையே பிளாக்கின் அமைப்பாகிவிடும்.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு அறுகோணம்

சாங்கி சிறுமிகள் தேர்ந்தெடுத்த அறுகோணத்தை முழுவதும் கையாலேயே தைக்கலாம். கவராயத்தை ஓர் அங்குலத்துக்கு விரித்து ஒரு வட்டம் போட வேண்டும். அதே விரிவில் வட்டத்தின்மேல் ஆறு புள்ளிகளைக் குறித்து இணைத்தால் அறுகோணம் கிடைக்கும். பழைய நாட்காட்டி அட்டை போன்ற சற்றுத் தடித்த தாளில் இதைப் பல பிரதிகள் வெட்டிக்கொள்ளலாம்.

தாளைத் துணியின் பின்பக்கம் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டி, ஓரங்களைத் தாளின்மேல் மடித்துத் தற்காலிகத் தையல் போட வேண்டும். இப்படிச் செய்த இரண்டு அறுகோணங்களை நல்ல பக்கம் உள்ளே வருமாறு சேர்த்துப் பிடித்து, தாளைக் குத்தாமல் விளிம்புகளை மட்டும் நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு எனச் சேர்த்தால் ஒரு பூ உருவாகும். ஓர் அறுகோணத்தின் ஆறு பக்கங்களும் தைக்கப்பட்டபின் அதன் தாளை உருவிவிடலாம். கையடக்கமான வேலை என்பதால், மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில்கூட ஒரு பூவை முடித்துவிட முடியும்.

பிளாக்கிலிருந்து போர்வை

முதல்முறை தைப்பவர்கள் நான்கு ஒன்பது சதுர பிளாக்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது 18 அங்குலத் தலையணை உறைக்குப் போதும். 20 பிளாக்குகளை நான்குக்கு ஐந்தாக அடுக்கினால், 36க்கு 45 அங்குலத்தில் குழந்தைப் போர்வை கிடைக்கும்; அதற்கு 180 சதுரங்கள் தேவை. ஒற்றைக் கட்டிலுக்கு ஏழுக்கு ஒன்பதாக 63 பிளாக்குகள் வைத்தால் 63க்கு 81 அங்குலம் வரும். சதுரங்களின் எண்ணிக்கை 567 ஆகும்.

போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: தைத்த மேல்பகுதி, நடு அடுக்கு, அடித்துணி. குளிர்நாடுகளில் நடுவே பஞ்சு வைப்பார்கள். நம் வெப்பத்துக்கு ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்போ பருத்திச் சேலையோ போதும். வங்காளத்தின் காந்தா போர்வைகளும் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கித் தைத்தவையே. மூன்று அடுக்குகளையும் சுருக்கமின்றி விரித்து, ஊக்குக் குத்தி, நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தடித்த நூலால் கட்டலாம். அல்லது நெடுக ஓட்டுத்தையல் போடலாம். கடைசியாக, 2½ அங்குல அகலப் பட்டையை இரண்டாக மடித்துச் சுற்று விளிம்பில் வைத்துத் தைத்தால் ஓரம் பிரியாது.

பழைய துணி கலந்த போர்வையைக் கையால் அலசி நிழலில் உலர்த்துவதே பாதுகாப்பு. ஈரம் சிறிது இருந்தாலும் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்குச் சில முறை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் இருந்தால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பின்புறத்தில் ஒரு பெயர்

சாங்கி போர்வைகளைத் தைத்த பெண்கள் யார் என்று இன்றும் தேடிக் கண்டறிய முடிவதற்குக் காரணம், அவர்கள் தங்கள் பெயர்களைத் துணியிலேயே தைத்து வைத்ததுதான். வீட்டில் தைக்கும் போர்வைக்கும் இது பொருந்தும். ஓர் உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணியில், துவைத்தால் அழியாத பேனாவால் எழுதியோ நூலால் தைத்தோ, அதைப் போர்வையின் பின்புறத்தில் இணைத்துவிடலாம். எந்தச் சதுரம் யாருடைய துணி, அவர் எந்தத் தோட்டத்தில் எந்த டிவிஷனில் வேலை செய்தார், போர்வை எந்த ஆண்டில் யாரால் தைக்கப்பட்டது ஆகிய விவரங்கள் அதில் இருந்தால் போதும்.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றின் பழைய பெயர்கள் பெயர்ப்பலகைகளில்கூட இல்லை. அந்தப் பெயரையும், அந்தச் சட்டையை அணிந்தவரையும் நேரில் அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே பெட்டியைத் திறப்பது நல்லது. முதல் சதுரத்தை வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு துணியையும் அவர் முன் விரித்து, அது யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.